படகு வீட்டுக் கனவான்

இரத்தினபுரியில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு நடந்தால் அவர் கல் தேடுகிறார். நிமிர்ந்து நடந்தால் கல் கிடைத்துவிட்டது. இரண்டுமில்லாமல் களு கங்கைப் பாலத்தின் கைப்பிடியில் முழங்கையை ஊன்றி, ஓடுகிற கலங்கல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றால் அவர்தான் நம் கனவான். அவர் ஏறவேண்டிய பஸ் பின்னால் ஹோன் அடித்துவிட்டுப் போயும் இருக்கும்.

காவத்தை, இறக்குவானை, பெல்மதுளை, அந்தப் பக்கம் கேகாலை மாவட்டத்து யட்டியாந்தோட்டை, தெரணியகலை என்று எங்கே போனாலும் தோட்டத்துக்கு ஒருவர் அகப்படுவார். அறுபதைத் தாண்டியவர். கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்ந்தவர். ஈ.பி.எஃப். பணம் கைக்கு வந்த வேகத்திலேயே மகளின் கலியாணத்தில் கரைந்துவிட்டது. மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான். பழைய போனை அப்பாவிடம் தள்ளிவிட்டுப் புதியது வாங்கிக்கொண்டான். பெரட்டுக் களத்தில் ஆட்களை அதட்டிய குரல் இன்னும் தேயவில்லை, அதட்டுவதற்கு ஆள்தான் இல்லை. ஆகவே இஸ்தோப்பில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, போகிறவர் வருகிறவரைப் பிடித்து உட்காரவைத்து, போனில் படகு வீடு காட்டுகிறார். நீச்சல் தெரியாது. ஆயுள் முழுக்கப் பீலித் தண்ணீரில் குளித்தவர் நீந்த எங்கே பழகுவது?

நோய் தொற்றிய இடம் ஆலப்புழை. சபரிமலைக்கு மாலை போட்டுப் போன குழு, திரும்பும் வழியில் அங்கே தேத்தண்ணிக்கு வண்டியை நிறுத்தியது. ஐயப்பனைக் கண்ட பரவசத்தைப் பற்றி ஐயா இரண்டு வசனம் பேசுவார். ஆலப்புழைப் படகுத்துறையைப் பற்றி விடிய விடியப் பேசுவார். பேசுவதில் பிழையும் இல்லை. கெட்டுவள்ளம் என்பது ஆணியே அடிக்காமல், ஆஞ்சிலிப் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து இணைத்த படகு. ஒரு காலத்தில் குட்டநாட்டு நெல்லை ஏற்றிப் போனது. லொறி வந்து அதன் பிழைப்பைக் கெடுத்தது. 1990களில் யாருக்கோ யோசனை வந்து, மேலே மூங்கிலை வளைத்துப் பாய் போட்டு, உள்ளே கட்டிலும் ஏசியும் வைத்துச் சுற்றுலாக்காரருக்கு வாடகைக்கு விட்டார்கள். மூட்டை படுத்த இடத்தில் இப்போது முதலாளி படுக்கிறார். ஐயா கரையில் நின்று பார்த்தாரே ஒழிய ஏறவில்லை, குருசாமி அவசரப்படுத்திவிட்டார். ஏறி ஒரு ராத்திரி கொசுக்கடி வாங்கியிருந்தால் சுகமாக ஊர் திரும்பியிருப்பார் என்பது என் அபிப்பிராயம்.

படகு வீட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டால் முதலில் காற்று என்பார், அடுத்தது அமைதி என்பார். லயத்தில் வாழ்ந்தவருக்கு அமைதி என்றால் என்ன என்று வெளியாருக்குக் கொஞ்சம் விளக்கவேண்டும். ஒரே கூரையின் கீழே வரிசையாகக் காம்பராக்கள். பழைய லயங்கள் பலவற்றில் நடுச்சுவர் கூரையை எட்டாது. மூன்றாம் காம்பராவில் கருவாடு பொரித்தால் ஏழாம் காம்பராக்காரருக்குப் பசிக்கும். ஒரு வீட்டுச் சண்டைக்கு அடுத்த வீட்டிலிருந்து தீர்ப்பு வரும், கேட்காமலே வரும். ஐயாவின் கனவுப் படகுக்குப் பக்கத்து வீடு கிடையாது. கதவைத் திறந்தால் கொக்கு. கடைக்காரர் கடன் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வருவது தெரிந்தால் கயிற்றை அவிழ்த்துவிடலாம். இந்தக் கடைசி வசதியைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

“ரூம் சின்னதா இருக்குமேங்க ஐயா” என்று ஒருமுறை வாயைக் கொடுத்தேன்.

“என்னா சின்னது? பத்துக்குப் பன்னெண்டு. நம்ம காம்பரா சைசு. அவன் ஒரு ராத்திரி படுக்க ஆயிரக்கணக்குல குடுக்கிறான். நாம தலைமுறை தலைமுறையா அதுக்குள்ளதான் படுத்துக் கெடக்கிறோம். நமக்கில்லாத பழக்கமா?”

அவருடைய பிரம்மாஸ்திரம் காஷ்மீர். யூடியூபில் கற்றது. விசாரித்துப் பார்த்தேன், விஷயம் சரிதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காஷ்மீர் மகாராஜா, வெளியாருக்கு அங்கே நிலம் கிடையாது என்று வைத்திருந்தார். கோடைக்குக் குளிர் தேடிப்போன வெள்ளைக்காரர்கள் சிறீநகர் தால் ஏரியில் படகின் மேலே வீட்டைக் கட்டிக்கொண்டார்கள். ஐயா சொல்லும்போது இது வேறு சுருதியில் வரும்.

“நெலம் தரமாட்டேன்னுட்டாரு ராஜா. வெள்ளைக்காரன் என்னா செஞ்சான்? மகஜர் குடுத்தானா? சங்கம் வச்சானா? சந்தா வெட்டுனானா? நேரா தண்ணியில எறங்கிட்டான்!” இங்கே ஒரு வாய் பிளேன்டீ. “அதே வெள்ளைக்காரன் இங்க 1840ல ஒரு சட்டத்தைப் போட்டு மலையெல்லாம் முடிக்குச் சொந்தம்னு எடுத்தான். ஏக்கர் அஞ்சு சிலிங்னு தொரைமாருக்கு வித்தான். அங்க நெலமில்லாதவன் அவன். இங்க நாம. அவன் செஞ்சதை நாம செஞ்சா என்னா கொறையுது?”

இதற்கு மறுமொழி சொல்ல எனக்குத் தெரியவில்லை. 2023இல் மலையக மக்கள் இங்கே வந்து 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தே போனார்கள். ஏழு பேர்ச் காணி என்ற பேச்சு தேர்தலுக்குத் தேர்தல் வந்தது. பிறகு 10 பேர்ச் என்றார்கள். பேச்சில் காணி நன்றாக வளர்கிறது. 7 பேர்ச் என்றால் ஏறக்குறைய 1,900 சதுர அடி. காம்பராவின் 120 சதுர அடியில் பிறந்தவருக்கு அது ஒரு சமஸ்தானம். இந்திய உதவியில் புது வீடு கிடைத்தவர்களிலும் பலருக்குக் காணி உறுதி கைக்கு வரவில்லை. “தண்ணிக்கு உறுதி வேணாம்” என்று ஐயா விரலை ஆட்டும்போது சிரிப்பதா கைதட்டுவதா என்று தெரியாமல் கூட்டம் தேத்தண்ணியைக் குடிக்கிறது.

களு கங்கையும் படகில் குடியிருப்பதற்குப் புதிதல்ல. ரோட்டும் ரயிலும் வருமுன் இரத்தினபுரியிலிருந்து களுத்துறைவரை பாக்கும் கோப்பியும் படகில்தான் போயின. உப்பும் கருவாடும் மேலே வந்தன. தட்டையான அடி, கிடுகுக் கூரை. படகோட்டிகள் அதிலேயே ஆக்கித் தின்று அதிலேயே படுத்தார்கள். களனி கங்கையில் ருவன்வெல்லவிலிருந்து கொழும்புக்கு இதே கதை. 1912இல் இரத்தினபுரிக்குச் சின்ன ரயில் வந்தது, படகு ஓய்ந்தது. பிறகு அந்த ரயிலையும் அவிசாவளையோடு நிறுத்திவிட்டார்கள். எங்கள் பக்கம் வந்த வாகனம் எதுவும் நிலைத்ததில்லை, யானையைத் தவிர.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஐயாவின் வீட்டம்மா. கொழுந்து பறித்து ஓய்ந்தவர். இரண்டு ஆடு, லயத்துக்குப் பின்னால் கொஞ்சம் மரக்கறித் தோட்டம்.

“என்னாங்க, ஆட்டை எங்க கட்டுறது?”

“மேல் தட்டுல.”

“புல்லு?”

“கரையில அறுத்துக்கலாம்.”

“கக்கூசு?”

ஐயா தூரத்து மலையைப் பார்க்கிறார்.

“அந்தத் தண்ணியில அள்ளித்தான் சோறாக்கணுமா?”

அம்மாவுக்கு ஆலப்புழைப் பக்கத்து வேம்பநாட்டு ஏரியைத் தெரியாது. ஆனால் அங்கேயும் வழக்கு இதுதான்: படகு வீடுகளின் கழிவு ஏரியைக் கெடுக்கிறது என்று பல வருடமாகச் சத்தம். தொட்டி கட்டி, கழிவைச் சேர்த்து, கரைக்குக் கொண்டுவந்து உறிஞ்சி எடுக்கவேண்டும். படகின் அடி எப்போதும் ஈரத்தில் கிடப்பதால் அதை அவ்வப்போது கரையேற்றி, சுரண்டி, கயிறு பார்த்து, எண்ணெய் பூசவேண்டும். லயத்துக் கூரை ஒழுகினால் தொரைக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்கலாம். படகு ஒழுகினால் கடிதம் எழுத நேரம் இருக்காது.

“கடுதாசி எங்க வரும்?” என்றும் அம்மா கேட்டார். அந்த ஒரு கேள்வி மட்டும் எடுபடவில்லை. லயத்துக்கும் தபால்காரர் வருவதில்லை. கடிதம் தோட்டத்து ஆபிசுக்கு வரும். அங்கிருந்து கைக்கு எப்போது வரும் என்பது ஆபிசுக்கே வெளிச்சம். அம்மாவே ஒப்புக்கொண்டு அடுத்ததற்குப் போனார்: மாரியம்மன் தேர் வந்தால் தேங்காயை எங்கே உடைப்பது? ஐயா இதற்கு இன்றுவரை பதில் சொல்லவில்லை.

ஆறு வேறு ஒத்துழைக்கவேண்டும். இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. சிவனொளிபாதமலைப் பக்கமிருந்து விழுந்தடித்துக்கொண்டு வரும் தண்ணீர், தாழ்ந்து கிடக்கும் நகரத்துக்கு வந்ததும் போக்கிடமில்லாமல் படுத்துக்கொள்ளும். 2003 மே, 2017 மே என்று ஊர் மூழ்கிய கதைகள் ஆளுக்கு ஒன்று உண்டு. கடற்படை வள்ளம் கடைத்தெருவில் ஓடும். அந்த நாட்களில் இரத்தினபுரியே படகு வீடுதான், வாடகை கிடையாது. மழை பின்வாங்கிய மாதங்களிலோ அங்கங்கே மணல் திட்டு எழும்பும், ஐயாவின் மாளிகை தரைதட்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். களனி கங்கைக்குப் போகலாமே என்றால், கித்துல்கலையில் அது பாறைக்குப் பாறை பாய்கிற பாய்ச்சலில், ரப்பர் படகில் தூக்கியடிபடுவதற்கு வெளிநாட்டுக்காரர் காசு கொடுக்கிறார்கள். அங்கே அடுப்பில் சோற்றுப்பானை நிற்காது.

இவ்வளவுக்கும் பிறகு ஐயா ஒன்று சொல்வார். அதற்கு யாரும் சிரிப்பதில்லை. 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்களை மூடிய அதே நாட்களில், புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் மண் சரிந்து லயத்தைக் குடும்பங்களோடு கொண்டுபோனது. “தண்ணி ஏறுனா படகு ஏறும்” என்பார். “மலை எறங்குனா லயம் எங்க போகும்?” மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை வந்து, பாயைச் சுருட்டிக்கொண்டு பாடசாலை மண்டபத்துக்குப் போன எவருக்கும் இது பகிடியில்லை. வீட்டம்மாகூட அந்த நேரத்தில் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

ஒருநாள் அப்படிப் போன அம்மா திரும்பி வந்துதான் வழக்கை முடித்துவைத்தார். பேச்சுவாக்கில் நான்தான் இலண்டன் கதையை எடுத்தேன். அங்கே கால்வாயில் குடியிருப்பவர்களுக்குச் சொந்தமாகப் படகு கட்டும் இடம் இல்லையென்றால், பொதுவாக 14 நாளுக்கு மேல் ஓரிடத்தில் நிற்கமுடியாது, கிளம்பிவிடவேண்டும்.

“அப்ப பதினாலு நாளைக்கு ஒருக்கா கிராம சேவகரை மாத்தணுமா?” என்றார் அம்மா. பிறகு புருஷனைப் பார்த்து, “படகைக் கட்டுறதுக்குக் கரையில ஒரு மரம் வேணுமேங்க. அந்த மரம் யாரு காணியில நிக்கும்?”

ஐயா போனை அணைத்து, வேட்டி மடிப்பில் செருகினார். கரை ஒதுக்குப் பகுதி அரசாங்கத்துடையது, அதற்குமேல் தோட்டக் கம்பனியுடையது, அதற்குமேல் வேறு யாருடையதோ. “நங்கூரம் போட்டுக்கலாம்” என்றார் கடைசியில். அடுத்த நாள் நங்கூரத்தைப் பற்றி வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்.

வழியில் இவரைக் கண்டால் படகைப் பற்றித் தாராளமாகக் கேளுங்கள், கையில் அரைநாள் இருந்தால். காணி உறுதி வந்துவிட்டதா என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு அவரிடம் வீடியோ இல்லை.