பாதாளத்தில் ஒரு செக்போஸ்ட்

கேள்வி: கற்பனை உலகங்களிலேயே பலமான பாதாளக் காவல் எது?

பதில்: என் ஓட்டு, டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலில் வரும் மோரியாவுக்கு. மலையைக் குடைந்து குள்ளர்கள் அமைத்த நகரம் அது. மேற்கு வாசல் கதவை உள்ளேயிருந்து கையால் தள்ளினாலே திறக்கும். வெளியேயிருந்து உரிய சொல்லைச் சொன்னால்தான் அசையும். முட்டி மோதி உள்பக்கம் தள்ளவே முடியாது. கிழக்கே இன்னும் கெட்டிக்காரத்தனம். 50 அடி நீளக் கல்பாலம், பிடித்துக்கொள்ளக் கைப்பிடிச் சுவர் கிடையாது, கீழே அதலபாதாளம். எதிரி முன்கூடத்தைப் பிடித்துவிட்டாலும் பாலத்தில் வரிசையில்தான் வந்தாக வேண்டும். பத்தாயிரம் பேர் வந்தாலும் சண்டை போடப்போவது முன்னால் நிற்பவன் ஒருவன்தான்.

கேள்வி: அந்தக் கதவின் பாஸ்வேர்டு?

பதில்: கதவிலேயே எழுதியிருந்தது! கட்டிய காலத்தில் எல்ஃப்களும் குள்ளர்களும் சிநேகிதர்கள். அதனால் கதவு பெரும்பாலும் திறந்தே கிடக்கும். பிற்காலத்தில் வந்த மந்திரவாதி கேண்டால்ஃப்தான் பெரிய ரகசியம் என்று நினைத்து மண்டையை உடைத்துக்கொண்டார். ரொம்பப் படித்தவர்களுக்கு வரும் கஷ்டம்.

கேள்வி: இத்தனை இருந்தும் மோரியா ஏன் விழுந்தது?

பதில்: எதிரி வாசல் வழியாக வரவில்லையே, ஐயா! மித்ரில் என்ற உலோகத்துக்கு ஆசைப்பட்டுக் குள்ளர்களே தோண்டிக்கொண்டு போனார்கள். அடியில் கிடந்த பல்ராக் என்ற பூதம் கிளம்பிவிட்டது. மூன்றாம் யுகம் 1980இல் அரசர் ஆறாம் டூரின் பலி. மறுவருடமே அவர் மகனும் பலி. மீதிப் பேர் ஓடினார்கள்.

ஆயிரம் வருடம் கழித்து, 2989இல், பாலின் என்ற குள்ளர் ஒரு கூட்டத்தோடு திரும்பிப் போனார். ஐந்தே வருடம். ஏரியைப் பார்க்கத் தனியாகப் போனவரை, பாறை மறைவிலிருந்து ஆர்க் என்ற கொடிய பிறவி ஒன்று அம்பெய்து முடித்தது. கிழக்கே ஆர்க் படை. மேற்கு வாசல் குளத்திலோ ஒரு ஜந்து, பாலினின் கூட்டாளி ஓயினைப் பிடித்துக்கொண்டது. இரண்டு வாசலும் அடைபட்ட பிறகு அது கோட்டையா, எலிப்பொறியா?

கேள்வி: உள்ளே இருந்த காவலர்கள் தண்ணீருக்கு என்ன செய்தார்கள்?

பதில்: சபாஷ்! கோட்டை கட்டும் எழுத்தாளர்கள் பலர் மறந்துவிடும் சமாச்சாரம் இது. டோல்கீன் மறக்கவில்லை. மூன்று வழிகள் பிரியும் இடத்தில் ஒரு காவலறை, அதன் தரை நடுவில் கிணறு. மேலே இருந்த கல் மூடி உடைந்து கிடக்கிறது. கேண்டால்ஃபோடு வந்த பிப்பின் சும்மா இருக்கமாட்டாமல் ஒரு கல்லைப் போட்டுப் பார்க்க, கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து சுத்தியல் தட்டுகிற சத்தம்! கேண்டால்ஃப் கொடுத்த தண்டனை, ராத்திரி முதல் காவல். நியாயமான தீர்ப்பு.

கேள்வி: ஆர்க்குகளுக்குக் காவல் காக்கத் தெரியுமா?

பதில்: அதே கதையில், மோர்டோர் என்ற தீய நாட்டின் எல்லையில் உள்ள கிரித் உங்கோலைப் பாருங்கள். கணவாய்க்குப் போகும் சுரங்கத்தில் ஷெலோப் என்ற ராட்சதச் சிலந்தி. மோர்டோரை ஆளும் சௌரோனுக்குச் சம்பளம் இல்லாத காவலாளி. வேண்டாத கைதிகளை அவ்வப்போது அனுப்பினால் போதும். அதைத் தாண்டினால் கோபுரம். அதைக் கட்டியவர்கள் பக்கத்து நாடான கோண்டோரின் மனிதர்கள். மோர்டோரில் இருப்பவை வெளியே வந்துவிடக் கூடாதே என்று. காவல் தளர்ந்தது, கோபுரம் கைமாறியது.

ஷக்ராட், கோர்பாக் என்ற இரண்டு ஆர்க் தலைவர்கள் சுரங்கத்தில் பேசிக்கொண்டு போவதுதான் எனக்குப் பிடித்த இடம். மேலிடத்தைப் பற்றி ஒரே புலம்பல். போர் முடிந்ததும் நம்பிக்கையான நாலு பேரோடு, பெரிய முதலாளி யாரும் இல்லாத இடத்தில் சொந்தமாகக் கொள்ளைத்தொழில் பார்க்கலாம் என்பது கோர்பாக்கின் கனவு. டோல்கீன் 1916இல் சோம் போர்முனையில் சிக்னல் அதிகாரியாக இருந்தவர். சிப்பாய்ப் புலம்பல் அவருக்குப் பழக்கம்தானே! கடைசியில், அவர்களிடம் கைதியான கதாநாயகன் ஃப்ரோடோவின் மித்ரில் சட்டைக்காக இரு தரப்பும் வெட்டிக்கொண்டு செத்தன. நண்பனை மீட்க சாம் வந்தபோது தடுக்க ஏறக்குறைய ஆளே இல்லை.

கேள்வி: நானும் ஒரு பாதாளக் காவல்நிலையத்தை வைத்து நாவல் எழுதுகிறேன். யோசனை சொல்லுங்களேன்?

பதில்: பூதத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அடுப்புப் புகை எப்படி வெளியேறுகிறது, ராத்திரி டூட்டி யாருக்கு, சம்பளபாக்கி எத்தனை மாதம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எழுதியதும் அனுப்புங்கள், படிக்கிறேன். ஐந்து பாகம் என்றால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.