உங்க பக்கம் இருட்டுதா?

புரட்டாசி பிறந்துவிட்டால் இவர்கள் மனிதர் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிடுவார்கள். பேச்சு நம்மோடு நடக்கும். கண் நம் தலைக்கு மேலே வடகிழக்கு மூலையில் நிற்கும். "சொல்லுங்க சார், கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்பார் கணவர். மனைவி தென்கிழக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். வானத்தை இருவரும் பாகம் பிரித்துக்கொண்டு வெகு நாளாகிறது.

தெருவுக்கு ஒரு ஜோடியாவது இப்படி இருக்கும் என்பதால் பெயர் சொல்ல வேண்டியதில்லை. இந்த ரகத்துத் தம்பதிகள் எல்லோருமே கூடுவாஞ்சேரிக்கு உள்ளே தள்ளி அரை கிரவுண்டு மனை வாங்குகிறார்கள். எல்லாக் கணவர்களும் என் அலுவலகத்தில், எனக்கு இரண்டு மேஜை தள்ளி வேலை பார்த்தவர்கள். எல்லா மனைவிகளுக்கும் காஞ்சிபுரத்தில் ஒரு சித்தப்பா உண்டு. மொத்தமாகக் காண்ட்ராக்டரிடம் விட்டால் சிமெண்டில் கை வைப்பார்கள் என்று, சாமான்களைத் தாங்களே வாங்கிப் போட்டு, கூலியை மட்டும் மேஸ்திரிக்குப் பேசி, ஒரு ஸ்டூலையும் குடையையும் எடுத்துக்கொண்டு மனையில் போய் உட்கார்ந்துவிடுவார்கள்.

"மழைக்கு முன்னாடி தளம் போட்டுடணும்." வைகாசியிலிருந்து இதுதான் மந்திரம். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். ஐப்பசி பிறந்து இரண்டு மூன்று நாள். அதற்குள் சுவர் எழுந்து, லிண்டல் போட்டு, சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட்டும் கொட்டியாக வேண்டும். வேலையை மாசியிலேயே தொடங்கியிருந்தால் எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். ஆனால் வாஸ்து புருஷன் வருஷத்தில் எட்டு நாள்தான் கண் விழிக்கிறார், அதுவும் ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்துக்குள் அவர் பல் துலக்கி, குளித்து, பூஜை செய்து, சாப்பிட்டு, வெற்றிலையும் போட்டாக வேண்டும். சாப்பாட்டுக்கும் வெற்றிலைக்கும் உரிய 36 நிமிஷத்தில் பூஜை போட்டால்தான் உத்தமம் என்கிறது பஞ்சாங்கம். மாசி 22-ல் அவர் எழுந்தபோது வங்கியில் ஒரு கையெழுத்து பாக்கி. சித்திரை 10-ல் மறுபடி எழுந்தார். கையெழுத்து வந்திருந்தது, ஆனால் சமையலறை ஜன்னல் கிழக்கா தெற்கா என்று தம்பதிக்குள் தீர்மானமாகவில்லை. வைகாசி 21-ல் ஒருவழியாக அவரைப் பிடித்தார்கள். ஆடியில் மேஸ்திரி ஊர்த் திருவிழாவுக்குப் போனார். திருவிழா முடிந்த பிறகும் ஊரிலேயே இருந்தார். ஆக, அவசரமெல்லாம் திரண்டு புரட்டாசியில் வந்து என் தலையில் விடிந்தது.

என் தலையில் ஏன் என்றால், நான் திருவான்மியூரில் குடியிருக்கிறேன். வேறு குற்றம் செய்யவில்லை. ஆடி, ஆவணியில் சென்னைக்கு மழை மேற்கிலிருந்து வரும். பகல் வெயிலில் அரக்கோணம், காஞ்சிபுரம் பக்கம் மேகம் திரண்டு, சாயங்காலமோ ராத்திரியோ இடித்துக்கொண்டு கடலை நோக்கி நகரும். அந்தப் பருவத்துக்குச் சித்தப்பா. பாவம், மனுஷர் எழுபதைத் தாண்டியவர். மாலை நான்கு மணிக்கு மேல் அவரைக் கோயிலுக்குக்கூடப் போக விடவில்லை. ஐப்பசி நெருங்கினால் காற்று திரும்பிவிடும். மழை கடலிலிருந்து வரும், பெரும்பாலும் பின்னிரவிலும் விடியற்காலையிலும். கடலுக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவே, கூப்பிட்டால் போனை எடுக்கும் பழக்கமுள்ள ஒரே ஆள் நான். சித்தப்பாவுக்கு விடுதலை கிடைத்தது. எனக்கு உத்தியோக உயர்வு.

"சார், தூங்கிட்டீங்களா? உங்க பக்கம் இருட்டுதா?"

ராத்திரி பதினொன்றரைக்கு எல்லாப் பக்கமும் இருட்டாகத்தான் இருக்கும். அதைச் சொன்னால் சிரிக்க மாட்டார். "இல்ல சார், நட்சத்திரம் தெரியுதா பாருங்க." எட்டிப் பார்த்துவிட்டு "தெரியுது" என்பேன். "பால்கனியிலிருந்தா பார்க்கறீங்க? உங்க பால்கனி தெற்குப் பார்த்ததாச்சே. மாடிக்குப் போயிடுங்களேன்." போனால் அடுத்தடுத்து விசாரணை. மின்னல் உண்டா, மின்னியபின் எத்தனை எண்ணுவதற்குள் இடி கேட்கிறது, காற்று கடலிலிருந்தா கரையிலிருந்தா, நின்றுபோய்ப் புழுங்குகிறதா. நடுவில் ஒருமுறை, "மண்வாசனை வருதா சார்?" நான் நிற்பது நாலாவது மாடி. பக்கத்து வீட்டுக் கருவாட்டு வாசனை வந்தது, சொன்னேன். காற்று எந்தப் பக்கம் என்று அதிலிருந்து கண்டுபிடித்துவிட்டார்.

கருவி இல்லாமல் கஷ்டப்படுகிறார் என்று நினைக்க வேண்டாம். துறைமுகத்து டாப்ளர் ராடார் படம் அவர் கைபேசியில் எப்போதும் திறந்தேதான் இருக்கிறது. அதைத் தேய்த்துத் தேய்த்துப் புதுப்பித்துக்கொண்டே பேசுவார். "ராடார்ல உங்க மேல பச்சையா இருக்கு சார், நீங்க தூறல்கூட இல்லைங்கறீங்க." குரலில் ஒரு வருத்தம், நான் ஏதோ மறைப்பதுபோல. வானிலை மையம், யூடியூபில் வரைபடம் வைத்துப் பேசும் இளைஞர்கள், மேஸ்திரியின் முழங்கால் வலி, நான் என்று நான்கு பேரிடமும் வாக்குமூலம் வாங்கி ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவர் முறை. முழங்காலுக்கு அடுத்த இடம் எனக்கு.

அம்மையார் முறை இன்னும் நுட்பமானது. கணவர் என்னிடம் பேசி வைத்த கையோடு, அவர் என் மனைவியைக் கூப்பிடுவார். "அண்ணி, அண்ணா மழை இல்லைங்கறாங்களாம். காலைல போட்ட துணி காஞ்சுதா?" பேன்ட் இடுப்புப் பட்டையில் ஈரம் நின்றால் காற்றில் ஈரப்பதம் ஏறிவிட்டது என்று அர்த்தமாம். அப்பளம் நமுத்துப்போகிறதா, உப்பு கசிகிறதா, தெரு நாய் எங்கே படுத்திருக்கிறது என்றெல்லாம் தகவல் போகும். என் மனைவி தரும் சேதியைத்தான் அந்த வீட்டில் கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. நான் மாடியேறியதெல்லாம் சும்மா சரிபார்க்க.

தப்பினால் விடவும் மாட்டார்கள். "நீங்க சொன்ன மழை வரவே இல்லையே சார்" என்று மறுநாள் ஒரு குற்றச்சாட்டு வரும். நான் எந்த மழையையும் சொல்லவில்லை. கறுப்பாக இருக்கிறது என்றேன், அவ்வளவுதான். அதை நம்பி அவர் அன்று வேலையை நிறுத்தி, ஆறு பேருக்கு அரைச் சம்பளம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அந்த அரைச் சம்பளத்தை என் பேரில் ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பாரோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

மற்றப் பழக்கங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கல்யாண வீட்டில் தாலி கட்டும்போது தரை டைல்ஸைக் குதிகாலால் தட்டி உள்ளே பொள்ளலா என்று பார்ப்பார்கள். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் கிரில்லுக்குக் கிலோ என்ன விலை என்று கேட்பார்கள். இதெல்லாம் வீடு கட்டும் எல்லோரும் செய்வது.

தளம் போட்ட நாளை மட்டும் சொல்லியாக வேண்டும். 800 சதுர அடி, 5 அங்குல கனம் என்றால் 75 மூட்டைக்குக் குறையாமல் சிமெண்ட் விழும். காலையில் மிக்ஸர் ஓடத் தொடங்கிவிட்டால் கடைசி மூலை வரை நிறுத்தக் கூடாது. பாதியில் மழை வந்து நின்றால் காய்ந்த கான்கிரீட்டோடு புதியது சரியாக ஒட்டாது, பிற்பாடு அந்தக் கோட்டில்தான் ஒழுகும். இறுகாத கலவை மேல் பெருமழை அடித்தால் பால் பிரிந்து ஓடி ஜல்லி பல்லிளிக்கும். ஆக, அவர்கள் பயம் வெட்டி பயம் இல்லை. முந்தின ராத்திரி கட்டி முடித்த கம்பிக்குக் காவலாக இருவரும் அங்கேயே தார்ப்பாய்க்கு அடியில் படுத்திருந்தார்கள். அந்தக் கம்பியில் அம்மையாரின் நாலு வளையல் இருக்கிறது. ஒரு காலண்டர் மாட்ட ஆணி அடிப்பதற்குக்கூட ஹவுஸ் ஓனரிடம் அனுமதி கேட்டு வாழ்ந்தவர்கள். அன்று விடியற்காலை போன் வருவதற்கு முன்பே நானாக மாடிக்குப் போனேன். கடல் மேல் ஒரு பொட்டு மேகம் இல்லை. சொன்னபோது அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே எழவில்லை. பிறகு, "அண்ணிகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடறேனே அண்ணா" என்றார் அம்மையார்.

தளத்தன்று கட்டட ஆட்களுக்குப் பிரியாணி போடுவது வழக்கம். புரட்டாசி என்றால் என்ன, போட்டுத்தான் ஆக வேண்டும். அம்மையார் காசைக் கொடுத்துவிட்டு எதிர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாராம்.

சாயங்காலம் கடைசிச் சட்டி கொட்டியாயிற்று. தொல்லை தீர்ந்தது என்று நினைத்து அன்று ராத்திரி போனை எட்ட வைத்துவிட்டுப் படுத்தேன். மூன்றாம் நாள் மணி அடித்தது.

"சார், என்ன சார் இது, மேகமே காணோம்?"

இறுகிய கான்கிரீட்டுக்குத் தண்ணீர் வேண்டும். தளத்தின் மேல் பாத்தி கட்டி, குறைந்தது ஏழு நாள், மனசு கேட்காதவர்கள் பதினாலு நாள், தண்ணீர் தேக்கி வைப்பார்கள். போரில் மோட்டார் காற்றை இழுக்கிறது. லாரித் தண்ணீர் விலை கேட்டால் மயக்கம் வருகிறது. நாலு மாதமாக யாரை வராதே வராதே என்று கும்பிட்டார்களோ, அந்த மழையை இப்போது வா என்கிறார்கள். அதுவும் அளவாக வர வேண்டும், பாத்திக்கரை உடையக் கூடாது. "இருபதாம் தேதி வரும்னுதானே எல்லாரும் சொன்னீங்க" என்று என்னைக் கேட்டார். எல்லாரும் என்பதில் வானிலை மையமும் அடக்கம் என்று நினைத்து ஆறுதல் பட்டுக்கொண்டேன்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். புரட்டாசி முழுக்க என் தலைக்கு மேலிருக்கும் வானத்தைப் பற்றி இவர்கள் கேட்காத கேள்வி இல்லை. அந்த வானத்துக்குக் கீழே நான் எப்படி இருக்கிறேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டபோது எங்கள் கூடத்துக் கூரை ஒழுகத் தொடங்கியது. பழைய கட்டடம். சோபாவை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் வாளி வைத்தோம். அன்றைக்கும் போன் வந்தது. ஒழுகுகிறது என்று சொன்னேன். "நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு சார்?" என்றார். அதை வைத்து மழையின் வேகத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டு வைத்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது, இன்னும் இருக்கிறது.

ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் பலாச்சுளையோடு வந்து நின்றார்கள். கூடத்தில் உட்காரவில்லை. நேரே மாடிக்குப் போய், தட்டோட்டை ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார் கணவர். தண்ணீர் ஓட்டம் சரியில்லை, வாட்டம் எதிர்ப்பக்கம் இருக்கிறது என்றார். அம்மையார் அதை மறுத்தார்: வாட்டம் சரி, ஓட்டுக்கு அடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சத்துவிட்டுப் போயிற்று. கடுக்காய்த் தண்ணீர் ஊற்றி இடித்திருந்தால் இந்தக் கதி வந்திருக்காது என்று கணவர் இறங்கி வந்தார். என் காலடியில் உள்ள தரையைப் பற்றி இரண்டு பேர் அவ்வளவு சந்தோஷமாகச் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. காபி ஆறிப்போய் மறுபடி சுட வைக்க வேண்டியதாயிற்று.

கிளம்பும்போது, இதைச் சரிசெய்ய ஒரே ஒரு ஆள்தான் உண்டு என்று அவர்கள் மேஸ்திரியின் நம்பரை என் போனில் ஏற்றிக் கொடுத்தார்கள். உடனே கூப்பிடப் போனேன். கையைப் பிடித்துத் தடுத்தார் கணவர். தை கிரகப்பிரவேசம் வரை மேஸ்திரி அவர்கள் வீட்டைவிட்டு அசைய மாட்டாராம், நடுவில் கூப்பிட்டால் அவருக்குக் கவனம் சிதறுமாம். அதுவரை வாளியை வைத்துச் சமாளிக்கச் சொன்னார். எத்தனை லிட்டர் வாளி போதும் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டினார்.