கொசுவுக்கும் நைட் ஷிஃப்ட் உண்டு

தம்பிக்கு வயது 27. ஊர் மதுரை. உத்தியோகம், சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் தமிழ் காப்பிரைட்டர். பெயர் வேண்டாம், அவனுடைய மேலதிகாரி பத்திரிகை படிக்கிற பழக்கம் உள்ளவர்.

மகன் என்ன வேலை பார்க்கிறான் என்பது அம்மாவுக்கு இன்று வரை பிடிபடவில்லை. "நாலு வார்த்தை எழுதுறதுக்கா மாசச் சம்பளம்?" என்று போனில் கேட்பார். "நாலு வார்த்தைக்குத்தாம்மா சம்பளம். நாப்பது எழுதினா மிச்சம் முப்பத்தாறையும் வெட்டிருவாங்க" என்பான் தம்பி. பெண் பார்க்கிற இடங்களில் அம்மா பாதுகாப்பாக "கம்ப்யூட்டர்ல வேலை" என்று சொல்லி வைத்திருக்கிறார். பொய் இல்லை. கம்ப்யூட்டரில்தான் எழுதுகிறான்.

போன ஜூலையில் அவன் தலையில் வந்து விழுந்தது ஒரு கொசுவிரட்டித் திரவம். விளம்பரம் வர வேண்டிய நாள் ஆகஸ்ட் 20, உலகக் கொசு நாள். 1897இல் அந்தத் தேதியில்தான் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் என்ற ராணுவ மருத்துவர், கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். கொசுக்களை அறுத்து வைத்தால் பங்காக் காற்றில் பறந்துவிடும் என்று, அந்த வெக்கையிலும் பங்காவை நிறுத்திவிட்டு வியர்வை சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தாராம் மனிதர். தம்பியின் அலுவலகத்தில் ஏ.சி. 22இல் இருந்தது. வாசகம்தான் வரவில்லை.

"அப்படியே டிரான்ஸ்லேட் பண்ணாதே. ஆனா இங்கிலீஷ்ல இருக்கிற மாதிரியே இருக்கணும்" என்பது உத்தரவு. மூன்று நாளில் தம்பி எழுதிக் கொடுத்த முப்பத்தொன்பது வாசகங்களையும் மேலதிகாரி நிதானமாகப் படித்தார். "தப்பு ஒண்ணும் இல்லப்பா. ஸ்பார்க் இல்ல. நாலு சுவத்துக்குள்ள உக்காந்தா எப்படி வரும்? வெளியில போ. ராத்திரியில சிட்டியைப் பாரு. நைட் லைஃப்னு ஒண்ணு இருக்கு, கண்டென்ட் பூரா அங்கதான் கொட்டிக் கிடக்கு." இதைச் சொல்லிவிட்டு அவர் ஏழரைக்கே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

மதுரைக்காரனிடம் போய் இரவைப் பற்றிப் பாடம் எடுப்பதா? தூங்கா நகரத்தில் பிறந்தவன் அவன். இரண்டாம் ஆட்டம் விட்டு வந்து இட்லி தின்று வளர்ந்த உடம்பு. கேட்டால் சங்க இலக்கியத்தில் இருந்தே ஆதாரம் காட்டுவான். மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி 782 அடி. பத்துப்பாட்டில் அதுதான் நீளம். அதில் பகல் கடைத்தெருவுக்கு நாளங்காடி, இரவுக் கடைத்தெருவுக்கு அல்லங்காடி என்று தனித்தனிப் பெயர். யாமம் யாமமாக இரவைப் பிரித்து, கள்வர் எப்போது கிளம்புவார்கள், காவலர் எப்போது சுற்றுவார்கள் என்பது வரைக்கும் புலவர் கணக்கு வைத்திருக்கிறார்.

ஆனால் தம்பி மேடைக்கு மேடை விட்டுவிடுகிற ஒரு தகவலும் அதே பாட்டில் உண்டு. இரவு ஏறியதும் அப்பம் விற்கிறவர்கள் கடையில் உட்கார்ந்தபடியே தூங்கி வழிகிறார்கள். தூங்கா நகரத்தின் இரவுக் கடைக்காரர்கள் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே கொட்டாவி விட்டிருக்கிறார்கள்.

சரி, சென்னைக்கு வருவோம். இங்கே நைட் லைஃப் என்பது பெரும்பாலும் நட்சத்திர ஓட்டல் வாசல் வழியாகத்தான் உள்ளே போகிறது. ஒரு வெள்ளிக்கிழமை தம்பியும் இரண்டு நண்பர்களும் அப்படி ஒரு பப்புக்குப் போனார்கள். பையை ஸ்கேன் செய்தார்கள், உடம்பைத் தடவிப் பார்த்தார்கள், ஆதார் கேட்டார்கள். 21 வயதாகியிருக்க வேண்டும் என்பது விதி. பிறகு வாசலில் நின்ற ஆஜானுபாகு தம்பியின் காலைப் பார்த்தார். செருப்பு.

இங்கே கொஞ்சம் சட்டம் பேசலாம். 2014 ஜூலையில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைச் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப் உள்ளே விடவில்லை. சட்டமன்றம் கொதித்தது, அதே ஆண்டு சட்டமே வந்தது. வேட்டிக்காக யாரையாவது தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வேட்டிக்கு இத்தனை பாதுகாப்பு. செருப்புக்கு ஒரு வரி கிடையாது. தம்பி நண்பனின் காரில் கிடந்த ஷூவை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தான். ஒரு சைஸ் சின்னது.

உள்ளே இருட்டு. பாட்டுச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் பேசுவது கேட்கவில்லை; ஆனாலும் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். தம்பி குறிப்பெடுக்கும் உத்தேசத்தில் சுற்றிலும் பார்த்தான். பக்கத்து மேஜையில் ஆறு பேர், ஆறு பேரும் மும்முரமாக. எட்டிப் பார்த்தால், அடுத்த காலாண்டு டார்கெட்டைப் பற்றிப் பேச்சு. அதற்கடுத்த மேஜையில் ஒரு பெண் லேப்டாப்பையே திறந்து வைத்திருந்தார். தம்பி போனில் ஒரு வரி தட்டினான். அதற்குள் "லாஸ்ட் ஆர்டர் சார்" என்று வந்து நின்றார் பரிமாறுபவர். சற்று நேரத்தில் விளக்கெல்லாம் பளீரென்று எரிந்தது. கல்யாண மண்டபத்தைக் காலி செய்கிற மாதிரியே ஒரு வெளிச்சம். பில்லைப் பார்த்தபோதுதான் மூவருக்கும் முழுப் போதை தெளிந்தது.

நண்பர்கள் கிளம்பிவிட்டார்கள். தம்பி தங்கியிருக்கும் அறை விருகம்பாக்கத்தில். அறைத்தோழன் ஓ.எம்.ஆரில் அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறவன்; ராத்திரியில் இருக்க மாட்டான். கோடையில் நியூயார்க் காலை 9 என்றால் நமக்கு மாலை 6:30. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை மாற்றினால், இவன் மீட்டிங் 7:30க்குப் போகும். மார்ச்சில் திரும்ப வரும். சென்னைக்கென்று தனி நேரமே இருந்த காலம் உண்டு, இன்றைய இந்திய நேரத்துக்கு ஒன்பது நிமிடம் பிந்தி. 1906இல் இந்திய நேரம் வந்தது. இந்தப் பையன் அந்த இரண்டிலும் இல்லை. அவன் சாம்பார் சாதத்தை நியூயார்க் நேரத்துக்குச் சாப்பிடுகிறான். சென்னையின் நைட் லைஃப் பற்றிக் கேட்டால், "கேப் வர லேட்டாகும், அதான் கஷ்டம்" என்பான்.

அறைக்குப் போக மனமில்லாமல் தம்பி கோயம்பேட்டுக்கு நடந்தான். அங்கே இருந்தது கூட்டம்!

1996இல் திறந்த சந்தை, 295 ஏக்கர். நள்ளிரவுக்கு மேல்தான் அதற்குப் பொழுது விடிகிறது. கோலார், மதனப்பள்ளித் தக்காளியும் நாசிக் வெங்காயமும் ஏற்றி வந்த லாரிகள் வரிசை கட்டி நின்றன. சும்மாடு கட்டிய லோடுமேன்கள் மூட்டையோடு ஓடினார்கள். தலையில் அவ்வளவு பாரம் இருக்கும்போது நடப்பதைவிட ஓடுவதுதான் சுலபமாம். கீழே முட்டைக்கோஸ் இலை வழுக்கியது. மல்லித்தழை வாசனையும் டீசல் வாசனையும் கலந்து அடித்தது. தம்பி ஒரு தூண் ஓரம் நின்று, அரையிருட்டில், முகத்தில் நாலு சிந்தனைக் கோடுகளை வரவழைத்துக்கொண்டான்.

"சார், இன்னா, கணக்கு எடுக்க வந்தியா? சைடு வுட்டு நில்லு சார்!"

நகர்ந்தான். நகர்ந்த இடம் இன்னொருவரின் வழி. அந்த 295 ஏக்கரிலும் வேலை இல்லாமல் நின்றது தான் ஒருவன் மட்டும்தான் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. கொசு வேறு கால்களைப் பிய்த்தது. கொசுவிரட்டிக்கு வாசகம் தேடி வந்தவன் பேன்ட்டைச் சுருட்டிச் சொறிந்துகொண்டு நின்றான்.

வெளியே ஒரு சைக்கிள் டீக்காரர். கேரியரில் எவர்சில்வர் கேன், ஹேண்டில்பாரில் பிஸ்கட் பொட்டலச் சரம், இன்னொரு பக்கம் பேப்பர் கப் தொங்கும் பை.

"அண்ணே, ஒரு டீ."

"டீயா, சுக்கு காப்பியா தம்பி?"

"டீ. நைட் பூரா இருப்பீங்களாண்ணே?"

"பதினொண்ணுக்கு வருவேன், அஞ்சுக்குப் போவேன். நீ எந்த லாரி?"

10 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019இல் தமிழக அரசு ஆணை போட்டது. இந்த அண்ணனிடம் வேலை பார்ப்பவர் ஒருவர், முதலாளியும் அவரே. ஆணை அவருக்குப் பொருந்தாது. அவர் அதைக் கேள்விப்பட்டதும் இல்லை.

தம்பி இரண்டு டீ குடித்தான். தேயிலையிலும் காப்பியிலும் இருக்கும் காஃபீன் பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் பிடிக்கும். இரண்டு மணிக்குக் குடித்த டீயில் பாதி ஏழு மணிக்கும் அவனுக்குள் விழித்திருந்தது. விடிய விடியப் புரண்டு படுத்தவனுக்கு, சென்னையில் இரவு கண்விழித்த இன்னொருவர் ஞாபகம் வந்தது: ராமானுஜன்.

கணித மேதை ராமானுஜன் 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் கிளார்க்காகச் சேர்ந்தார். மாதம் 30 ரூபாய். மறு வருடம் ஜனவரியில் இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில், வருடத்துக்கு 20 பவுண்டு சம்பளத்தில் கணக்குப் பிரிவில் கிளார்க் என்றுதான் தன்னை அறிமுகம் செய்துகொண்டார். கனவில் நாமகிரித் தாயார் சூத்திரம் காட்டுவார் என்று சொன்னவர். அப்படியிருந்தும் ஆபீசுக்குப் போனார். அவருடைய மேலதிகாரி நாராயண ஐயரும் கணிதக்காரர். மாலையில் இருவரும் திருவல்லிக்கேணி பைக்ராப்ட்ஸ் சாலையில் ஐயர் வீட்டு மாடியில் ஆளுக்கொரு சிலேட்டுடன் உட்கார்ந்து, இரவு வெகுநேரம் வரை கணக்குப் போடுவார்கள். காகிதம் விலை அதிகம் என்று ராமானுஜன் சிலேட்டில் போட்டு முழங்கையால் அழிப்பார். நைட் லைஃப் என்று அவருக்கு இருந்தது அதுதான்: ஒரு மாடி, ஒரு சிலேட்டு, ஒரு மேலதிகாரி. அந்தச் சாலைக்கு இப்போது பாரதி சாலை என்று பெயர்.

தன் மேலதிகாரியோடு மாடியில் சிலேட்டு பிடிப்பதை நினைத்துப் பார்த்தான் தம்பி. உடனே தூக்கம் வந்தது.

திங்கட்கிழமை போனில் இருந்த குறிப்புகளைத் திறந்தான். பப்பில் எழுதியது: 'கொசு = வட்டி?? யோசி.' கோயம்பேட்டில் எழுதியது: 'தக்காளி!!!' இரண்டு நாள் யோசித்தும், அந்த மூன்று ஆச்சரியக்குறிகளுக்கு என்ன காரணம் என்று அவனுக்கே விளங்கவில்லை.

மதியம் மூன்று மணி. தயிர்சாதம் கண்ணை அழுத்துகிற நேரம். டைம்ஷீட் நிரப்பச் சொல்லி மூன்றாவது நினைவூட்டல் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை இரவை எந்தக் கட்டத்தில் போடுவது? 'ஆராய்ச்சி' என்று ஒரு கட்டம், 'பயிற்சி' என்று ஒரு கட்டம், 'நைட் ஷிஃப்ட்' என்று ஒன்று. பக்கத்தில், வாடிக்கையாளர் அனுப்பிய தகவல் தாள் திறந்திருந்தது: டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் இரவில் கடிக்கும். முதல் நாளே வந்த தாள். அன்றுதான் படித்தான்.

தம்பி டைம்ஷீட்டின் குறிப்புக் கட்டத்திலேயே தட்டினான்: 'கொசுவுக்கு ரெண்டு ஷிஃப்ட். உங்களுக்கு ஓய்வு.'

அதைப் படித்த மேலதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்தியா? நான் சொன்னேன்ல, வெளியில போனாதான் வரும்னு." தம்பி மறுக்கவில்லை. அப்ரைசல் மாதம். வாடிக்கையாளர் தரப்பில் 'ரெண்டு' என்பதா 'இரண்டு' என்பதா என்று பேச்சு எழுந்து, எட்டுப் பேர் கூடி ஒன்றரை வாரம் விவாதித்து, கடைசியில் '2' என்று போட்டார்கள். உலகக் கொசு நாள் முடிந்து ஆறு நாள் கழித்து விளம்பரம் வந்தது. லோகோ பெரிதாக இருந்தது.

கோயம்பேட்டுப் பக்கம் ராத்திரி போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சும்மாடு கட்டியவர் எதிரே ஓடி வந்தால் யோசிக்காமல் ஒதுங்குங்கள். சைக்கிள் டீ குடித்தால் சில்லறையாகக் கொடுங்கள். அண்ணன் கேனில் கியூ.ஆர். அட்டை ஒட்டியிருக்கிறார், ஆனால் அந்த இருட்டில் அது ஸ்கேன் ஆவதில்லை.