நாத்தங்காலுக்குப் போன மருமவன்

வா மருமவனே. மூணு நாளா செமினாருக்குப் போயிருந்தியாம்லா? எந்தங்கச்சி தெருவெல்லாம் தண்டோராப் போட்டுட்டா. அந்தப் பையை இறக்கி வை; சும்மா குடுத்த பைதானே, ஒண்ணும் ஆவாது.

செமினார்னா என்னல? கருத்தரங்கமா? அது நம்மாளு வச்ச பேரு. லத்தீன்காரனுக்கு அது 'செமினாரியும்'. நாத்தங்கால்! சிரிக்காத. 'செமென்'னா விதை. இங்கிலீஷ்ல 'சீடு'ங்கியே, விதைக்கதுக்கு 'சோ'ங்கியே, எல்லாம் ஒரே வேர்ல வெடிச்சதுதான். ஆடியில துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டுக் குத்தாலத்துக்கு ஓடுதியே, அந்த 'சீசனு'க்கும் பழைய அர்த்தம் விதைப்புதான்.

எனக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. நம்ம கோயில் சாமியாரு படிச்சது செமினரி. இது என்ன பேரு சாமின்னு ஒரு வார்த்தைதான் கேட்டேன், விடிய விடிய விடலை.

கேட்டோன்னு ஒரு ரோமாபுரிக் கிழவன். 2,100 வருசத்துக்கு முந்தியே வெள்ளாமைக்குப் புஸ்தகம் எழுதி, நாத்தங்காலுக்கு இடம் பாக்குத விதம் சொல்லியிருக்கான். வெட்டவெளியா, எரு ஏறின மண்ணா இருக்கணும். நடப்போற நெலத்து மண்ணும் இதுவும் ஒரே சாதியா இருக்கணும். நாத்தை ரொம்பத் தூரம் சுமக்கக்கூடாது. கொத்திப் போட்டு, கல்லைப் பொறுக்கி, வேலியடைச்சு, வரிசையா வை. அவன் வச்சது நெல்லு இல்ல, ஒலிவம், அத்தி. ஆனா கல்லைப் பொறுக்குன்னான் பாரு, அதாம்ல சம்சாரி.

பொறவு 1563ல திரெந்து சங்கத்துல கூடின ஆயருமாரு, சாமியாராப் போற பயலுவளை வளக்குத பள்ளிக்கூடத்துக்கு இந்தப் பேரை வச்சாவ. 1738ல ஜெர்மன்ல, கோட்டிங்கன்ல, கெஸ்னர்னு ஒரு வாத்தியாரு பழைய மொழி படிக்கவனுக்கு ஒண்ணு போட்டாரு. அந்த ஜெர்மன் பாத்தியில இருந்துதான் இங்கிலீஷ்காரன் நாத்தைப் பறிச்சுக்கிட்டுப் போனான்.

அடுத்த மாசம் சிம்போசியமா? கிரேக்கத்துல அது கூடிக் குடிக்கது. பயப்படாத, உங்கம்மைகிட்ட சொல்லமாட்டேன்.

நாத்துக்கு 25 நாளு, மிஞ்சினா முப்பது. அதுக்கு மேல விட்டா முத்திப்போவும், நட்டாலும் தூர் கட்டாது. நீ டாக்டர் பட்டத்துக்குப் போயி ஏழு வருசம் ஆவுது. எத்தனை செமினாரு? பதினாலா? உங்க கைடு வாத்தியாரு பிடுங்கமாட்டேங்காரா, இல்ல தண்ணி நிக்க சொகத்துல நீயே வேர் விட்டுட்டியா?

சரி, மொறைக்காத. நாளைக்குத் தெக்குவயல்ல நடவு, ஆளு பத்தல. வாரியா? சர்டிபிகேட்டு வேணும்னாலும் கையெழுத்துப் போட்டுத் தாரேன்.