மாபிளுக்குத் தேசிக்காய் ஆகாது

எங்கள் கிழக்கிலங்கைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் வீடு பெண்ணுக்குரியது. கல்முனையோ நிந்தவூரோ, வாப்பாமார் வயசெல்லாம் உழைத்து மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவார். அப்படி வந்து சேர்ந்த நான், அந்த வீட்டில் என் பங்கென்று சொல்லிக்கொள்ளக் குசினி மேடையைப் பிடித்துக்கொண்டேன்.

கறுப்புக் கிரனைட் போதும் என்றாள் மனைவி. நான் வெள்ளை மாபிள் வாங்கினேன். "தேசிக்காய்ப் புளி பட்டா?" என்று கேட்டாள். தாஜ்மகாலைக் காட்டி விளக்கினேன். தாஜ்மகாலில் யாரும் மீன் கழுவுவதில்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மாபிள் என்பது பூமிக்குள் வெந்து நெரிந்து உருமாறிய சுண்ணாம்புக்கல். புளி பட்டால் கரையும். மேடையில் முதல் மங்கல் வட்டம் விழுந்ததும் அதை அழுக்கென்று நினைத்து வினாகிரி ஊற்றித் தேய்த்தேன். அரித்துப்போன இடத்தில் மேலும் அமிலம்! ஓ.எல். விஞ்ஞானத்தில் எனக்குத் திறமைச் சித்தி. சீலர் பூசச் சொன்ன கடைக்காரரையும் வியாபாரத் தந்திரம் செய்கிறார் என்று தள்ளிவிட்டிருந்தேன். மாமி அரைத்த மஞ்சள் கல்லுக்குள் இறங்கி நிரந்தரமாகக் குடியேறியது, என்னைப் போலவே.

2020-ல் டைல்ஸ் இறக்குமதியை அரசு நிறுத்தி, மாபிளுக்குப் பதில் டைல்ஸ் போடவும் வழியில்லாதபோது எனக்கு அடுத்த யோசனை வந்தது. வெளிநாடுகளில் பழைய கண்ணாடியை உடைத்துச் சீமெந்திலோ ரெசினிலோ பதித்து, அரைத்து மினுக்கி மேடை செய்கிறார்கள். நானும் சோடாப் போத்தல், சோஸ் போத்தல் என்று சேர்க்கத் தொடங்கினேன். முஸ்லிம் ஊரில் ஒருவன் சாக்குச் சாக்காய் வெறும் போத்தல் வாங்கினால் சனம் என்ன நினைக்கும்? பள்ளிவாசலில் ஸலாம் சொன்ன ஒருவர் கையை விடாமல் கொஞ்சம் மோந்தும் பார்த்தார்.

பலகை வார்த்தாயிற்று. "காக்கா, இத மினுக்க வைரப் பட்டை போட்ட மெசின் வேணும்" என்றார் மேசன். மணல் கடதாசி போதும் என்றேன். சீமெந்து தேய்ந்தது, கண்ணாடி தேயவில்லை. துண்டுகள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன. பிறகு மெல்லிய வெடிப்புகளும் வந்தன. வாசித்துப் பார்த்தால், கண்ணாடியின் சிலிக்காவும் சீமெந்தின் காரமும் ஈரத்தில் சேர்ந்து வீங்கும் களியாகிக் கலவையையே பிளக்குமாம். அதைத் தடுக்கத்தான் விஷயம் தெரிந்தவர்கள் நிலக்கரிச் சாம்பலைச் சேர்க்கிறார்கள். நான் சேர்த்தது நம்பிக்கை மட்டும். பலகை தப்பிப் பிழைத்திருந்தாலும், கண்ணாடியை விட்டுவிட்டுச் சீமெந்தைத் தேசிக்காய் தின்றிருக்கும்.

கடைசியில் மனைவி தன் காசில் கறுப்புக் கல்லே போட்டாள். அதிலும் என் அறிவைக் காட்டாமல் இருக்க முடியவில்லை. "கறுப்புக் கிரனைட் எண்டு கடையில விக்கிறது பெரும்பாலும் கிரனைட்டே இல்ல. டொலரைட், கப்ரோ மாதிரி வேற கல்" என்றேன்.

"பேர் என்னவாச்சும் இரிக்கட்டும். இதுல தேசிக்காய் வெட்டலாமா, இல்லையா?"

"வெட்டலாம்."

கல் விஷயத்தில் இந்த வீட்டில் நான் உருப்படியாகச் சொன்னது அந்த ஒரு சொல்தான். அதுவும் அவளுக்கு முன்பே தெரியும்.