விதிக்காவலர்

திறந்த மூல மென்பொருள், அதாவது எவரும் படித்துத் திருத்தும் உரிமையோடு நிரல் வெளியிடப்படும் மென்பொருள், தனக்கென ஒரு மனித இனத்தையே வளர்த்துவிட்டது. பராமரிப்பாளர் என்னும் பதவியில் அமர்ந்து, வெளியார் அனுப்பும் திருத்தங்களை ஏற்பதா தள்ளுவதா என்று தீர்ப்பளிக்கும் இவ்வினத்தாரை விதிக்காவலர் எனலாம்.

இவருக்கு வாய்த்த பகைவர் ஒட்டுக்காரர். அச்சுப்பொறி மக்கர் செய்தால், நள்ளிரவில் மூன்று வரி எழுதி அதை ஓடவைத்து, விடிவதற்குள் அவ்வரிகளை ஊருக்கெல்லாம் தானம் செய்துவிடும் பரோபகாரி அவர். அவ்வரிகள் வேலை செய்வதை விதிக்காவலர் மறுப்பதில்லை. வேலை செய்வது மட்டுமே ஒரு தகுதியாகிவிடாது என்பதே அவர் கட்சி. ஓர் அச்சுப்பொறியின் பெயரைப் பொது நிரலில் எழுதுவது, ஒழுகும் கூரைக்கடியில் அண்டாவை வைத்துவிட்டுக் கூரை வேய்ந்ததாகச் சொல்வதற்கு ஒப்பாகும் என்றும், ஆகவே அச்சுப்பொறி என்னும் கருத்தையே முதலில் வரையறுக்க வேண்டும் என்றும் அவர் எழுதும் மறுமொழி, திருத்தத்தைவிடப் பன்மடங்கு நீளும். வரையறை முடியும்வரை, அவசரக்காரர்கள் கையால் எழுதிக்கொள்ளலாம்.

வரியின் தொடக்கத்தில் விடப்படும் இடைவெளியாகிய உள்தள்ளலில் அவர் இன்னும் கண்டிப்பானவர். லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலுக்குரிய நடைவழிகாட்டி, உள்தள்ளல் 8 எழுத்து அகலம் என விதித்து, அதை 4 ஆக்க முனைவதை, வட்டக் கணிதத்தில் வரும் பை என்னும் மாறிலியின் மதிப்பை 3 என்று வைப்பதற்கு ஒப்பிட்டுக் கேலி செய்கிறது. அக்கேலியைச் சிரிக்காமல் படித்து மனனம் செய்தவர் நம் விதிக்காவலர்.

ஆயினும் அவர் பக்கம் நியாயமில்லாமல் இல்லை. ஒட்டுக்காரர் அடுத்த மாதம் வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். ஒட்டு போகாது, அதற்கு ஆயுள் முழுதும் சோறு போட வேண்டியவர் விதிக்காவலரே.

அவர் மறப்பது ஒன்றுதான்: விதிகளுக்கும் பூர்வாசிரமம் உண்டு. நிரல்கோப்புகளிலிருந்து மென்பொருளைக் கட்டித்தரும் மேக் என்னும் கருவியை 1976-இல் பெல் ஆய்வகத்தில் எழுதிய ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன், கட்டளை வரிகள் டேப் விசை இடும் இடைவெளி எழுத்தில் தொடங்க வேண்டும் என்று அப்போதைக்கு எளிதாகப்பட்டபடி அமைத்தார். சில வாரங்களில் மாற்ற நினைத்தபோது, பத்துப் பன்னிரண்டு பயனர்கள் சேர்ந்துவிட்டிருந்ததால், அவர்களுக்குத் தொல்லை வேண்டாமென விட்டுவிட்டார். அந்த அப்போதைக்குத்தான் இன்று விதி. டேப்புக்குப் பதிலாக வெற்றிடங்களை இட்டவரின் திருத்தத்தை விதிக்காவலர் இன்றும் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறார்.