தூரிகையாரைக் கேளுங்கள்

கேள்வி: கேமரா வந்தது, இப்போது ஏ.ஐ.யும் வந்துவிட்டது. இனி ஓவியர் எதற்கு?

பதில்: 1839-ல் பாரிஸில் புகைப்பட முறையை அறிவித்தபோதே எங்களுக்குப் பாடை கட்டியாயிற்று! ஆனால் 1874-ல் ஓவியர்கள் மோனே, ரெனுவார், தெகா எல்லாம் சேர்ந்து நடத்திய முதல் கண்காட்சி எங்கே நடந்தது தெரியுமா? நதார் என்ற பிரபல புகைப்படக்காரரின் பழைய ஸ்டூடியோவில். எமனே திண்ணையில் இடம் போட்டுக் கொடுத்த கதை! அச்சு அசலாக வரையும் வேலையைக் கேமரா எடுத்துக்கொண்டதால், வெயில் எப்படி மாறுகிறது என்று வரைய எங்களுக்கு நேரம் கிடைத்தது.

கேள்வி: போனிலேயே எல்லா ஓவியமும் பார்க்கிறேனே, நேரில் பார்ப்பது வெட்டிச் செலவுதானே?

பதில்: மோனாலிசாவின் உயரம் 77 சென்டிமீட்டர். பிக்காசோவின் குவர்னிகா 11 அடிக்கு மேல் உயரம், 25 அடிக்கு மேல் அகலம். உங்கள் போனில் இரண்டுமே உள்ளங்கைக்குள்! வான்கோ ஓவியத்தைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். பெயின்ட் வரப்பு வரப்பாக எழும்பி, தன் நிழலைத் தானே போட்டுக்கொண்டிருக்கும். இதற்கு எந்த ஆப்பும் கிடையாது.

கேள்வி: ஓவியத்தை நம்பிப் பிழைக்க முடியுமா?

பதில்: 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் நண்பர்களும் சென்னைக்கு அருகே சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தையே உருவாக்கினார்கள். சோறு போட்டது பத்திக் துணியும் கைவினைப் பொருட்களும். பிழைப்புக்குத் துணி, உயிர் வாழ ஓவியம்!

கேள்வி: எங்கள் சோஃபா நிறத்துக்குப் பொருத்தமாக ஓவியம் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். சோஃபாவுக்கும் சேர்த்தே பில் வரும், பரவாயில்லையா?